தகுதி என்னும் சொல்லும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு வரும் தனியார் பள்ளிகள், பெரும்பாலும் நுழைவுத்தேர்வு வைத்தே பிள்ளைகளைச் சேர்க்கின்றன. பதினோரு வயதுப் பிள்ளை ஒருநாள் காலையில் கணினி முன் உட்கார்ந்து விடையளிக்கிறது. சில வாரங்களில் அது ஓர் எண்ணாகப் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த எண்ணுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது சேர்க்கை அலுவலகத்தின் கவலை. அந்த எண் எதற்குச் சான்று, அதை வைத்து ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்து இன்னொன்றுக்கு மறுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்பது அறவியலின் கவலை. முதல் கேள்விக்கு விடை சொல்லும்போது இரண்டாவதற்கும் விடை சொல்லிவிட்டதாகப் பள்ளிகளும் பெற்றோரும் எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழில் இந்தச் சிக்கல் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஒரு காரியத்தைச் செய்யக்கூடிய திறமை இருப்பதும் 'தகுதி'. ஒன்றைப் பெறுவதற்கு உரியவராக இருப்பதும் 'தகுதி'. கடினமான கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை, கடினமான கணக்கைக் கற்பிக்கும் வகுப்புக்குத் தகுதியானது என்றால் அது முதல் பொருள். அந்த இடம் அந்தப் பிள்ளைக்குத்தான் சேர வேண்டும், வேறு யாருக்குக் கொடுத்தாலும் அநியாயம் என்றால் அது இரண்டாவது பொருள். மூன்றாவது ஒன்றும் உண்டு. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே 'தகுதி' வருகிறது. அங்கே அதற்குப் பரிமேலழகர் கொள்ளும் பொருள் நடுவுநிலைமை. அதாவது அங்கே தகுதி பெறுபவரின் பண்பாக இல்லாமல், கொடுப்பவரின் பண்பாக நிற்கிறது. நுழைவுத்தேர்வு இந்த மூன்றில் எதை அளக்கிறது என்று கேட்டால், அதிகபட்சம் முதலாவதை, அதையும் ஓரளவுக்கே.

பழைய பள்ளிகள் தொடங்கியபோது இந்தக் குழப்பம் இல்லை. வில்லியம் ஆஃப் விக்கம் என்ற பிஷப் 1382இல் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரியில் 70 மாணவர்களுக்கு இடம்; அவர்கள் ஏழைகளாகவும் உதவி தேவைப்படுபவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது நிறுவனர் விதி. மன்னர் ஆறாம் ஹென்றி 1440இல் ஈட்டன் பள்ளியை நிறுவியபோது அதையே முன்மாதிரியாகக் கொண்டார். அங்கும் 70 பேர். ஜான் கோலெட் 1509இல் லண்டனில் நிறுவிய செயின்ட் பால்ஸ் பள்ளியில் 153 பேர். அந்த எண்ணிக்கை யோவான் நற்செய்தியிலிருந்து வந்தது: உயிர்த்தெழுந்த இயேசு சொன்ன பக்கம் சீடர்கள் வலை வீச, அகப்பட்ட பெரிய மீன்கள் நூற்றைம்பத்து மூன்று. வலை மீனைத் தரம் பார்த்துப் பிடிப்பதில்லை என்பதைக் கோலெட் நினைத்திருந்தாரோ இல்லையோ, எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் வேறுபாடின்றிச் சேர்க்கலாம் என்றே அவருடைய விதி சொன்னது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கல்வி இங்கே தர்மம். தர்மத்துக்கு உரியவர் யார் என்ற கேள்விக்குத் தேவை ஒரு விடையாகவும், கற்கும் ஆற்றல் இன்னொரு விடையாகவும் சேர்ந்தே நின்றன.

நாளடைவில் தேவை நழுவியது. வின்செஸ்டரிலும் ஈட்டனிலும் அந்த 70 இடங்கள் நிர்வாகத்திலிருந்தவர்களின் பரிந்துரையால் நிரம்பின. உறவினர் பிள்ளைகளும் வேண்டியவர்கள் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதற்கு மருந்தாக வந்ததுதான் போட்டித் தேர்வு. இத்தகைய பழைய பள்ளிகளை ஆராய 1861இல் அமைக்கப்பட்ட கிளாரண்டன் ஆணையம் 1864இல் அறிக்கை கொடுத்தது. 1868இல் சட்டம் வந்தது. பரிந்துரை ஒழிந்தது உண்மையான சீர்திருத்தம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் தேர்வுத்தாள் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்தது. ஏழைகளின் ஊர்ப் பள்ளியில் அந்த மொழிகளைக் கற்றுத்தர ஆளில்லை. எட்டு வயதிலிருந்து பிள்ளைகளைத் தயார் செய்யும் 'பிரெப் ஸ்கூல்' என்ற கட்டணப் பள்ளிகள் பெருகின. ஏழைகளுக்கென்று ஒதுக்கிய இடங்களை, பணம் கட்டிப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் தேர்வு எழுதி நேர்மையாகவே வென்றார்கள். யாரும் ஏமாற்றவில்லை. மூன்றாவது தகுதியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு, இரண்டாவதன் பழைய பொருளைத் துடைத்துவிட்டது.

இந்த ஏற்பாடு ஒரு பிள்ளைக்குள் எப்படி இறங்கும் என்பதற்கு எரிக் பிளேர் என்ற சிறுவனின் கதை நல்ல சான்று. பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் உலகம் அறிந்தவர். சசெக்ஸ் கடற்கரையிலிருந்த ஒரு பிரெப் ஸ்கூல் அவரைக் குறைந்த கட்டணத்தில் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பதிலாக அவர் ஒரு பெரிய பள்ளியின் உதவித்தொகைத் தேர்வில் வென்று, பிரெப் ஸ்கூலின் விளம்பரத்துக்கு உதவ வேண்டும். 1917இல் ஈட்டனின் அரச உதவித்தொகை மாணவர்களில் ஒருவராக அவர் சேர்ந்தார். அந்தத் தயாரிப்புக் காலத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1952இல் வெளிவந்தது. அறிவு என்பது தேர்வாளரை நம்பவைக்கும் வித்தையாகக் கற்றுத்தரப்பட்டது என்பதே அதில் அவருடைய மனக்குறை. திறமை இல்லாத பையன் என்று ஆர்வெலை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தத் தேர்வு அளந்தது அவருடைய திறமையையா, பள்ளி அவர்மேல் போட்ட முதலீட்டையா என்பதைப் பிரித்துச் சொல்வது எளிதில்லை.

இன்றைய இங்கிலாந்தில் லத்தீன் கட்டாயமில்லை. பல பள்ளிகள் பொதுவான ஒரு முன்தேர்வைப் பயன்படுத்துகின்றன. ஆங்கிலம், கணிதம், சொல்வழிப் பகுத்தறிதல், வடிவவழிப் பகுத்தறிதல் என நான்கு பகுதிகள். விடை சரியானால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறானால் எளிதாகும். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: மதிப்பெண் வயதுக்கேற்பத் திருத்தப்படுகிறது. அங்கே கல்வியாண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என்பதால், ஒரே வகுப்பில் செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கும் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. பதினோரு வயதில் அது வாழ்நாளில் பதினொன்றில் ஒரு பங்கு. ஆகவே இளைய பிள்ளையின் மதிப்பெண்ணைக் கணக்கில் உயர்த்திவிடுகிறார்கள். எந்த மாதத்தில் பிறப்பது என்பது பிள்ளையின் கையில் இல்லை. கையில் இல்லாத ஒன்றுக்காக அதைத் தண்டிக்கக் கூடாது என்பது இதன் உட்கருத்து. பெரும்பாலும் யாரும் இதை எதிர்ப்பதில்லை.

இந்தச் சிறிய திருத்தம் பெரிய ஒப்புதல். எந்த மாதத்தில் பிறந்தது என்பது பிள்ளையின் கையில் இல்லை என்றால், எந்த வீட்டில் பிறந்தது என்பதும்தான் இல்லை. வீட்டில் புத்தக அலமாரி இருந்ததா, மாலையில் டியூஷனுக்கு ஆள் வந்தாரா, அம்மாவும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் எந்த மொழியில் பேசினார்கள் என்பவை எல்லாம் மதிப்பெண்ணை மாதக்கணக்கைப்போலவே நகர்த்துகின்றன. மாதத்துக்கு அட்டவணை இருக்கிறது, வீட்டுக்கு இல்லை. அளப்பது கடினம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம், அது உண்மையும்கூட. ஆனால் அளக்க முடியவில்லை என்பது வேறு, அது இல்லை என்பது வேறு.

அமெரிக்காவில் இரண்டு தேர்வுகள் பெயர்பெற்றவை. ஒன்று 1957இல் உருவான ஓர் அமைப்பு நடத்தும் எஸ்எஸ்ஏடி, மற்றது ஐஎஸ்இஇ. எஸ்எஸ்ஏடியின் உயர்நிலையில் சொல்லறிவு, கணிதம், வாசிப்பு என மூன்று பகுதிகளுக்கும் தலா 500 முதல் 800 வரை, மொத்தம் 1500 முதல் 2400 வரை மதிப்பெண். பிள்ளை எழுதும் கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அப்படியே பள்ளிகளுக்குப் போகிறது. பெற்றோர் அதிகம் பார்ப்பது பெர்சன்டைல் என்ற எண்ணை. அதே தேர்வை எழுதிய பிள்ளைகளில் எத்தனை விழுக்காட்டினரை இந்தப் பிள்ளை தாண்டியது என்பதே அது. அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 50 என்றால் நாட்டின் சராசரிப் பிள்ளை என்று பொருளில்லை. இந்தத் தேர்வை எழுதுவதே தனியார் பள்ளிக்கு விண்ணப்பிக்கும், ஏற்கெனவே வடிகட்டப்பட்ட ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்கும் பிள்ளை, தன் பழைய வகுப்பில் முதலிடத்தில் இருந்திருக்கலாம்.

ஐஎஸ்இஇ இன்னும் ஒரு படி போய், பெர்சன்டைலை 1 முதல் 9 வரையிலான படிநிலையாகச் சுருக்கித் தருகிறது. 77 முதல் 88 வரை ஏழாம் படி, 89 முதல் 95 வரை எட்டாம் படி. நுண்ணிய வேறுபாடுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. எந்தத் தேர்வும் மறுநாள் எழுதினால் வேறு மதிப்பெண் தரும். அந்த ஊசலாட்டத்துக்குள் இருக்கும் இருவரை மேல் கீழ் என்று பிரிப்பதில் பொருளில்லை. ஆனால் 88க்கும் 89க்கும் நடுவில் இப்போது ஒரு கோடு விழுகிறது. 77க்கும் 88க்கும் நடுவில் இல்லை. நுண்மையை நீக்கப்போய் நுண்மை வேறிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இனி எடை. தமிழ்நாட்டு வாசகருக்கு ரேங்க் பட்டியலும் கட்-ஆஃபும் பழகியவை: எண்ணைப் பார்த்தாலே எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். இந்தப் பள்ளிகள் அப்படி இயங்குவதில்லை. பெரும்பாலானவை எந்த எடைப் பட்டியலையும் வெளியிடுவதில்லை. விண்ணப்பம் ஒரு கோப்பாக வருகிறது: பழைய பள்ளியின் மதிப்பெண்கள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் குறிப்பு, கட்டுரை, தேர்வு மதிப்பெண். ஒருவருக்கு மேற்பட்டோர் அதைப் படிக்கிறார்கள், பிறகு குழு உட்காருகிறது. மதிப்பெண் அங்கே பெரும்பாலும் வாசற்படியாகப் பயன்படுகிறது: இந்தப் பிள்ளை இங்குள்ள பாடத்தைத் தாங்குமா என்று பார்க்க. படி தாண்டியபின் அதன் எடை குறைகிறது. விடுதியில் பெண்கள் பகுதியில் எத்தனை கட்டில் காலி, இசைக்குழுவுக்கு செல்லோ வாசிக்க ஆள் வேண்டுமா, அண்ணனோ அக்காவோ இங்கே படிக்கிறார்களா, அப்பா பழைய மாணவரா, முழுக் கட்டணம் கட்டும் குடும்பமா என்ற கேள்விகள் உள்ளே வருகின்றன. கடைசிக் கேள்வியை எல்லோரும் கேட்பதில்லை. ஆண்டோவரிலுள்ள பிலிப்ஸ் அகாடமி, எக்ஸிட்டரிலுள்ள பிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமி போன்ற வளமான சில பள்ளிகள், சேர்க்கையின்போது குடும்பத்தின் பணநிலையைப் பார்ப்பதில்லை என்று கொள்கையாகவே அறிவித்திருக்கின்றன. அப்படி அறிவிக்கக் கையில் பெரிய அறக்கட்டளை நிதி இருக்க வேண்டும்.

பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கில மெய்யியலாளர் 1962இல் சமத்துவம் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனைச் சமூகத்தைக் காட்டுகிறார். அங்கே போர்வீரர்களுக்குத்தான் பெருமதிப்பு; வீரராக உடல்வலிமை வேண்டும். முன்பு செல்வந்தக் குடும்பங்களிலிருந்து மட்டும் வீரர்களை எடுத்தார்கள். சீர்திருத்தக்காரர்கள் வந்து, யார் வேண்டுமானாலும் போட்டியில் வென்று வீரராகலாம் என்று விதியை மாற்றுகிறார்கள். மாற்றியபின்னும் செல்வந்தர் பிள்ளைகளே வெல்கிறார்கள். மற்றவர்கள் வயிறாரச் சாப்பிடாமல் மெலிந்து கிடப்பதுதான் காரணம். போட்டி நேர்மையானது, வென்றவர்கள் உண்மையிலேயே வலிமையானவர்கள். ஆனாலும் வாய்ப்பு சமமாகிவிட்டது என்று சொன்னால் தோற்றவர் சிரிப்பார். வின்செஸ்டரின் 70 இடங்களுக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். இந்தக் கதையில் தேர்வு பொய் சொல்லவில்லை என்பது முக்கியம். தேர்வு நடந்த நாளில் யார் வலியவர் என்று அது சரியாகவே சொன்னது. அவர் ஏன் வலியவரானார் என்பதை அதனிடம் யாரும் கேட்கவுமில்லை.

அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் இன்னும் ஆழமாகத் தோண்டினார். குடும்பச் செல்வம் பிள்ளை சம்பாதித்ததில்லை என்றால், பிறவித் திறமையும் சம்பாதித்ததில்லை. முயற்சியாவது தன்னுடையதுதானே என்றால், முயலும் மனப்பாங்கே பெருமளவு வளர்ந்த வீட்டைப் பொறுத்தது. அதற்காக யாருக்கும் எதிலும் உரிமை இல்லை என்று அவர் முடிக்கவில்லை. ஒரு நிறுவனம் விதியை முன்கூட்டி அறிவித்து, ஒருவர் அதை நம்பி உழைத்து நிறைவேற்றினால், அறிவித்ததைப் பெற அவருக்கு உரிமை உண்டு. அது விதியிலிருந்து பிறக்கும் உரிமை, ஆன்மாவின் மேன்மைக்குக் கிடைக்கும் பரிசில்லை. இந்த வேறுபாட்டைத் தனியார் பள்ளிச் சேர்க்கையில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையான ஒன்று தெரிகிறது. விதியை அறிவிக்காத இடத்தில் அந்த எளிய உரிமைகூடப் பிறப்பதில்லை. பட்டியல் போட்டு இடம் கொடுக்கும் முறை எவ்வளவு குருட்டுத்தனமானதாக இருந்தாலும், 'நான் இந்த எண்ணை எடுத்தேன், எனக்கு இது சேர வேண்டும்' என்று ஒரு பிள்ளை சொல்ல அது இடம் தருகிறது. முழு மனிதரைப் பார்க்கிறோம் என்று சொல்லும் முறை அந்த இடத்தைத் தருவதில்லை. மனிதத்தன்மை மிக்கது இரண்டாவது. கணக்குக் கேட்க முடிவது முதலாவது. இரண்டையும் ஒருசேரப் பெறும் வழியை இதுவரை எந்தப் பள்ளியும் கண்டதாகத் தெரியவில்லை.

பிறவித் திறமை தற்செயலானது என்ற ரால்ஸின் அடிப்படையையே மறுக்கும் மரபுகள் உண்டு. வினைக்கொள்கையை ஏற்பவருக்குப் பிறப்பில் தற்செயல் என்று ஒன்றில்லை. கூர்மையான அறிவு முன்செய்த வினையின் பயன், ஆகவே ஒருவகையில் ஈட்டியதுதான். கேட்க நன்றாக இருக்கும் இந்த வாதம் அளவுக்கு மீறி நிரூபிக்கிறது. அறிவு முன்வினையின் பயன் என்றால் பணக்கார அப்பாவும் முன்வினையின் பயனே. அப்போது தேர்வும் வேண்டாம், பழைய பரிந்துரை முறையே போதும். குறள் இந்த வலையில் விழாமல் தப்பியிருப்பது கவனிக்கத்தக்கது: ஊழ் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்கிறது, ஆள்வினையுடைமை அதிகாரம் முயற்சியின் பக்கம் நிற்கிறது, ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை. கிறித்தவத்தில் எதிர்த்திசை வாதம் உண்டு. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையில், காலையிலிருந்து உழைத்தவருக்கும் கடைசி மணிநேரத்தில் வந்தவருக்கும் ஒரே கூலி. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியைக் கொடுத்தாயிற்று, என் பணத்தை என் விருப்பப்படி கொடுக்கிறேன் என்கிறார் தோட்டத்தின் சொந்தக்காரர். அருள் ஈட்டப்படுவதில்லை என்பதே உவமையின் கருத்து. கோலெட்டின் பள்ளி அந்த மனநிலையில் பிறந்தது. அதே சொந்தக்காரரின் பதிலைக் கட்டணப் பள்ளி ஒன்று சொன்னால் அது வேறு மாதிரி ஒலிக்கிறது.

என் பள்ளி, என் விருப்பம் என்ற வாதத்துக்குச் சட்டம் எல்லை கட்டியிருக்கிறது. இனத்தைக் காட்டித் தனியார் பள்ளி பிள்ளைகளை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அந்த எல்லைக்குள் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அரிஸ்டாட்டில் ஒரு வழி காட்டுகிறார். நல்ல புல்லாங்குழல்களை யாருக்குக் கொடுப்பது? உயர்குடியினருக்கோ அழகானவர்களுக்கோ இல்லை, நன்றாக வாசிப்பவருக்கு. ஏனென்றால் குழல் இருப்பது வாசிப்பதற்கு. பொருளின் நோக்கம் தெரிந்தால் அதற்கு உரியவர் தெரிவார். பள்ளிக்கு இதைப் பொருத்தினால் கேள்வி தலைகீழாகிறது. குழல் ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவருக்கு உரியது. பள்ளியோ இன்னும் தெரியாதவருக்கு. கற்பிப்பதுதான் பள்ளியின் நோக்கம் என்றால், அதிகம் தெரிந்த பிள்ளைக்கும் அதிகம் பயன்பெறக்கூடிய பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. நுழைவுத்தேர்வு முதலாமவரைக் காட்டும் அளவுக்கு இரண்டாமவரைக் காட்டுவதில்லை. பெயரைக் காப்பதும் பழைய மாணவர் வலையை வளர்ப்பதும்தான் நோக்கம் என்றால் தேர்வு மிகப் பொருத்தமான கருவி. எந்த நோக்கம் என்பதைப் பள்ளிகள் ஆண்டறிக்கையில் ஒன்றாகவும் சேர்க்கை அறையில் வேறாகவும் வைத்திருப்பது அரிதில்லை. இரண்டையும் பிடித்து நிற்க முயலும் பள்ளி ஒன்று இங்கிலாந்தில் உண்டு: 1552இல் நிறுவப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல். அங்கே தேர்வும் உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் குறைப்பதும் உண்டு. பழைய 'தேவை' அங்கே இன்னும் மேசையில் இருக்கிறது.

வாசற்படி தாண்டியவர்களுக்குள் மேலும் தரம் பிரிப்பது இயலாத காரியம் என்றால், குலுக்கல் போட்டுவிடலாமே என்ற யோசனையை மெய்யியலாளர் மைக்கேல் சாண்டல் 2020இல் வெளியிட்ட நூலில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக முன்வைத்தார். வென்றவரின் கர்வத்தையும் தோற்றவரின் அவமானத்தையும் அது குறைக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தமிழ் வாசகருக்கு இது புதிதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறை இதேதான்: முதலில் தகுதி வரம்பு, பிறகு ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை விட்டு எடுப்பது. விவிலியத்தில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலர் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொண்டதும் அப்படியே: இருவரைத் தகுதியானவர்களாக நிறுத்தியபின் சீட்டு. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் நேரடியானது. தொடக்கக் கல்விக்கான சேர்க்கையில் வடிகட்டும் முறையை அது தடை செய்கிறது. குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறை தவிர்ந்த எந்தத் தேர்ந்தெடுப்பும் வடிகட்டல் என்றே வரையறுக்கிறது. ஈட்டன் செய்வதை அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட ஓர் இந்தியப் பள்ளி அந்த வகுப்புகளில் செய்தால் அது குற்றம்.

ஆனால் குலுக்கல் வரம்பைத் திருத்துவதில்லை. உத்திரமேரூரில் குடத்துக்குள் பெயர் போக வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரிகட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். குடத்துக்குள் சமத்துவம் இருந்தது. குடத்துக்கு வெளியே ஊர் இருந்தது. வரம்பைத் தாண்டவைப்பது வயிறாரச் சாப்பிட்டதன் பலன் என்றால், அதன்பின் எவ்வளவு நேர்மையாகக் கையை விட்டு எடுத்தாலும் வில்லியம்ஸின் மெலிந்த பிள்ளைகள் வெளியிலேயே நிற்பார்கள்.

தேர்வின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்ந்த மாணவர்களின் நுழைவு மதிப்பெண்ணுக்கும் பின்னாளைய படிப்புக்கும் பெரிய தொடர்பில்லை என்று அடிக்கடி காட்டப்படுகிறது. அதனால் தேர்வே பயனற்றது என்ற முடிவு தவறு. குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள் உள்ளேயே வரவில்லை. உயரமானவர்களை மட்டும் கூடைப்பந்து அணியில் எடுத்துவிட்டு, அணிக்குள் உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பில்லையே என்று வியப்பதைப் போன்றது அது. தேர்வைக் கைவிட்டால் அதன் இடத்தைப் பிடிப்பது பெரும்பாலும் நேர்காணலும் பரிந்துரைக் கடிதமும். பெரியவர்களோடு சரளமாகப் பேசும் பழக்கமும், நல்ல கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியரும் வாய்ப்பது வீட்டைப் பொறுத்தது. கணக்குத் தேர்வைவிடக் கூடுதலாகவே. பரிந்துரையை ஒழிக்கத் தேர்வு வந்த கதையை மறந்தவர்கள்தான் தேர்வு போனால் நியாயம் வரும் என்று நம்புவார்கள்.

அமெரிக்க விடுதிப் பள்ளிகள் பல மார்ச் 10ஆம் தேதி முடிவை அறிவிக்கின்றன. குடும்பங்கள் ஏப்ரல் 10க்குள் பதில் சொல்ல வேண்டும். இடையில் காத்திருப்போர் பட்டியலில் சிலர் நிற்கிறார்கள். இடம் கிடைத்த பிள்ளை ஒன்று வேறு பள்ளிக்குப் போய்விட்டால், பட்டியலிலிருந்து இன்னொன்று அழைக்கப்படுகிறது. அழைக்கப்பட்ட பிள்ளையின் மதிப்பெண் மார்ச்சில் இருந்ததுதான், கட்டுரையும் அதேதான், கோப்பில் ஒரு வரிகூட மாறியிருக்காது. மாறியது எங்கோ ஒரு வீட்டில் யாரோ எடுத்த முடிவு. மார்ச்சில் அந்தப் பிள்ளையிடம் இல்லாத எந்தத் தகுதியும் ஏப்ரலில் வந்து சேர்ந்திருக்காது. ஆனால் வரவேற்புக் கடிதத்தின் வாசகம் இரண்டு மாதத்திலும் ஒன்றாகவே இருக்கும்.